அனலும் அயலும்

(கண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு விஞ்ஞான ஆசிரியரின் நினைவாக எழுந்தது இந்த அறக்கட்டளை. பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொந்த ஊரில் ஒரு முறை காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவாராம் அவர். அறக்கட்டளையை நிறுவிய அவர் குடும்பத்தார் என்னிடம் சொன்ன இந்தச் செய்தியையே இன்றைய பேச்சுக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொண்டேன். நிலக்கரியை எரித்து மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே எடுக்கும் நிலையங்களைப் பற்றி, அவற்றிலும் சுரங்கத்தின் வாசலிலேயே நின்று அந்தச் சுரங்கத்துக்கே உழைக்கும் நிலையங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். கண்டியில் சுரங்கம் ஏது, நிலக்கரி ஏது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால் நமக்குத் தெரிந்த ஒரு சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

சூடான சுவர்

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரின் பின்புறத்தில், தேயிலையை உலர்த்தும் டிரையருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் பெரிய அடுப்பு இருந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம் கருங்கல் சுவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நாங்கள் வாழ்ந்த வரிசை வீடான லயத்துக்குள் எதுவும் காயாது. எனக்கு இருந்ததோ ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, ஒரே ஒரு நீலக் காற்சட்டை. கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த அம்மா, அதைத் துவைத்துப் பிழிந்து என் கையில் தருவார். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு ஓடுவேன்.

அங்கே அடுப்புக்கு விறகு தள்ளும் தாத்தா ஒருவர் இருந்தார். சட்டையை வாங்கிக்கொண்டு, முதலில் தன் வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைப்பார். "இங்கன போடுடா தம்பி. மேல போட்டா கருகிப் போகும், கீழ போட்டா விடிஞ்சாலும் காயாது" என்பார். அந்த உள்ளங்கை சொன்ன இடம் ஒரு நாளும் தவறியதில்லை. அரை மணி நேரத்தில் சட்டை மொறமொறவென்று காய்ந்துவிடும். மறுநாள் வகுப்பில் அதை முகர்ந்தால் தேயிலைத் தூளின் வாசமும் புகையின் வாசமும் கலந்து வரும். சுவரோரம் எங்களோடு கம்பளி காயவைத்த பெண்கள் இருந்தார்கள். குளிரில் இருமும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முதுகைச் சுவரில் சாய்த்திருந்த தாய்மார் இருந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் பொறியியல் படிக்கப் போனேன். 'கழிவு வெப்பம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார் பேராசிரியர். எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஏட்டில் கழிவு என்று எழுதப்பட்டதைக் கொண்டுதான் நான் பாடசாலைக்குப் போயிருக்கிறேன். அன்று மனதில் விழுந்த கேள்வியின் தொடர்ச்சிதான் இந்த உரை.

ஒரு கேத்தல் தண்ணீரின் கணக்கு

மாணவர்களுக்காக இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கொதிக்கத் தொடங்கிய அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். கேத்தலில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அது 100 பாகையில் நின்றுவிடும். அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பமெல்லாம் ஆவிக்குள் மறைவாகப் போய் உட்காருகிறது.

அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதுதான். நிலக்கரியை எரித்துத் தண்ணீரை உயர் அழுத்த ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி விசையாழியைச் சுழற்றி, தன் அழுத்தத்தை அங்கே கொடுத்துவிட்டு வெளியே வருகிறது. அழுத்தம் போய்விட்டாலும் உள்ளே மறைந்திருந்த வெப்பத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அந்த ஆவியை மறுபடி தண்ணீராக்கினால்தான் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்ப முடியும். ஆகவே குளிர்ந்த நீரைப் பாய்ச்சி அந்த வெப்பத்தைப் பிடுங்கி, குளிர்விக்கும் கோபுரம் வழியாக வானத்துக்கோ, குழாய் வழியாகக் கடலுக்கோ விட்டுவிடுகிறார்கள். வழக்கமான நிலக்கரி நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மிச்சம் இரண்டு பங்கும் புகைபோக்கியிலும் குளிர்நீரிலும் போகிறது.

அந்த ஆவியைச் சற்றுச் சூடாகவே வெளியே விட்டு, வெப்பம் வேண்டிய ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன? மின்சாரம் கொஞ்சம் குறையும். ஆனால் எரித்ததில் 70, 80 சதவீதம் வரை பயனாகும். இதைத் தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் இணை மின் உற்பத்தி என்கிறார்கள். கரும்புச் சக்கையை எரித்து எழுப்பிய ஆவி முதலில் மின்சாரம் தருகிறது. பிறகு அதே ஆவி கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறது.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மின்சாரம் கம்பி ஏறினால் நூறு மைல் போகும். வெப்பத்துக்கு அந்தக் கால் கிடையாது. குழாய் நீள நீள ஆவி குளிர்ந்து நீராகிவிடும். அதனால் வெப்பத்தை வாங்குபவர் அயலில் இருக்க வேண்டும். அயலாரை மறந்து கட்டிய நிலையம் எவ்வளவு பெரிதானாலும் தன் நெருப்பில் பாதிக்கு மேல் காற்றில் விட்டே தீரும்.

சுரங்கத்துக்காகப் பிறந்த எந்திரம்

நீராவி எந்திரமே சுரங்கத்துக்காகப் பிறந்ததுதான். 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே, நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைக்கத் தாமஸ் நியூகோமன் தன் எந்திரத்தை நிறுத்தினார். அது எரிபொருளை மலைமலையாகத் தின்றது. ஆனாலும் சுரங்க வாசலில் அது கட்டுபடியாயிற்று. விற்க முடியாத பொடிக்கரி அங்கே காலடியில் கிடந்தது. வெளியூர்களில் அதே எந்திரம் கட்டுபடியாகாததால்தான் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழியைத் தேடினார்கள். அப்படித் தேடிய ஜேம்ஸ் வாட் தனிக் குளிர்கலனுக்கு 1769இல் காப்புரிமை பெற்றார்.

வெப்பத்தையும் விசையையும் ஒன்றாகக் கட்டும் கலை மிகவும் இயல்பாக வளர்ந்த இடம் ஜேர்மனியின் பழுப்பு நிலக்கரி வயல்கள். பழுப்பு நிலக்கரி வயதில் இளையது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் பாதி தண்ணீர்தான். ஈரத்தோடு எரித்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகும். தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். எனவே சுரங்க வாசலிலேயே அதை உலர்த்தி, அழுத்தி, கட்டிகளாக்கும் ஆலைகள் எழுந்தன. கொதிகலனின் ஆவி முதலில் அழுத்து எந்திரங்களை ஓட்டும். பின்னாளில் மின்னாக்கிகளையும் ஓட்டியது. வேலை முடிந்து வெளிவரும் ஆவி உலர்த்தும் குழாய்களுக்குள் புகுந்து, ஈரக்கரியைக் காயவைக்கும். கிடைத்த மின்சாரம் சுரங்கத்தின் பம்புகளுக்கும் தோண்டும் எந்திரங்களுக்கும் போகும். பிரான்டன்பர்க் மாநிலத்து டொம்ஸ்டோர்வ் என்ற சிற்றூரில் 1882இல் தொடங்கிய 'லூயிசே' ஆலை இன்று தொழில்நுட்ப நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

நெய்வேலி: ஈரத்தோடு ஒரு போராட்டம்

இந்தக் கலை தமிழ் மண்ணுக்கு வந்த இடம் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதைச் சும்மா விடவில்லை. அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பின்னர் தன் நிலத்தில் அறுநூறு ஏக்கருக்கும் மேல் திட்டத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். 1956 நவம்பரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் திகதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கிவைத்தார். 1961இல் மண்ணை விலக்கிப் பழுப்பு நிலக்கரியை வெளியில் கண்டார்கள். 1962 மே மாதம், சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1970க்குள் அது 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது.

நெய்வேலியில் கரிக்கு மேல் அரை நூறு மீற்றருக்கும் அதிகமாக மண். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். மேலே மண்ணை அகற்றினால், கீழேயுள்ள நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு எழும்பிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகளை இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே கரியை வெட்ட வேண்டும். பம்பு நின்றால் சுரங்கம் இல்லை. பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரிக்குச் சுரங்கம் வேண்டும். சுரங்கமும் மின் நிலையமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உறவு இப்படித்தான் அமைந்தது. நியூகோமன் டட்லியில் தொடங்கியதை, இருநூற்றைம்பது ஆண்டு கழித்து நெய்வேலி பெரிய அளவில் செய்தது.

நெய்வேலியைத் திட்டமிட்டவர்களின் கனவு மின்சாரத்தோடு நிற்கவில்லை. கரியின் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பயன் தேடினார்கள். 1966இல் யூரியா உர ஆலை வந்தது. ஜேர்மன் முறையில் கரியை உலர்த்தி, கட்டியாக்கி, காற்றில்லாமல் சூடேற்றிக் கரிக்கட்டியாக்கும் ஆலை வந்தது. மேல்மண்ணில் கிடைத்த வெண்களிமண்ணைக் கழுவித் தரவும் ஆலை வந்தது. இவற்றுக்கு மின்சாரத்தோடு நீராவியும் வேண்டியிருந்தது. செய்முறைகளுக்கென்றே நீராவி தரும் பிரிவும் அங்கே இருந்தது. ஒரே குழியிலிருந்து வெளிச்சம், உரம், அடுப்புக்கரி, பீங்கானுக்கு மண் என்று எல்லாம் எடுக்க வேண்டும் என்ற அந்தப் பேராசையை நான் பெருமையோடு நினைக்கிறேன். மண்ணைத் தோண்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், அதிலிருந்து ஒரு பிடியும் வீணாகக்கூடாது என்ற மரியாதை அதில் இருந்தது.

அந்த அடுப்புக்கரியின் பெயர் லெக்கோ. என் சித்தப்பா வீட்டில்தான் அதை முதலில் பார்த்தேன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் மலையக மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. அந்தக் கணக்கில் ஒருவர் என் சித்தப்பா. 1970களில் கண்டி புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் கடந்து, மண்டபம் முகாமில் இறங்கி, அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் நெய்வேலிப் பக்கம் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1990களில் நான் தேடிப் போனபோது நகரியத்துக்கு வெளியே, ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தார். எனக்குத் தேநீர் போட அடுப்பு மூட்டினார். கறுத்த கட்டிகள் பற்றிக்கொண்டு சிவந்தன. கண்ணைக் கரிக்கும் புகை இல்லை. நான் வியந்ததைப் பார்த்துச் சொன்னார்: "அங்க வெறகு, இங்க இது. ரெண்டும் ஒண்ணுதாம்பா. ஈரத்த வெரட்டுனாத்தான் எரியும். அந்த ஈரத்த வெரட்டுறதுக்குத்தான் இம்புட்டுப் பெரிய ஆலை." உலர்த்தும் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

அவர் சொன்னதை எண்ணில் பார்ப்போம். ஒரு தொன் நெய்வேலிக் கரியில் ஏறத்தாழ 500 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க 2,70,000 கிலோகலோரி. அது அந்தக் கரி தரக்கூடிய மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஈரத்தோடு எரித்தால் இந்தப் பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். விசையாழியில் வேலை முடித்த மலிவான ஆவியைக் கொண்டு உலர்த்தினால் நல்ல நெருப்பு நல்ல வேலைக்கு மிஞ்சும். சூடு அதிகமுள்ள ஆவிக்குச் சுழற்றும் வேலை, சூடு குறைந்த ஆவிக்குக் காயவைக்கும் வேலை: ஒரு வீட்டில் இளையவரும் முதியவரும் தத்தம் வலுவுக்கு ஏற்ற வேலையை எடுத்துக்கொள்வது போன்ற முறை அது.

உர ஆலையும் கரிக்கட்டி ஆலையும் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. சமையல் எரிவாயு வீடு வீடாக வந்துவிட்டது. பழைய ஆலைகளின் செலவு கூடிவிட்டது. அதன்பின் நெய்வேலி முதன்மையாக மின்சாரம் விற்கும் ஊராயிற்று. முதல் அனல்மின் நிலையமும் ஏறத்தாழ அறுபது ஆண்டு உழைத்து 2020இல் ஓய்வுபெற்றது. புதிய அலகுகள் பெரியவை, எரிபொருளை முன்னிலும் சிக்கனமாக எரிப்பவை. ஆனாலும் குளிர்கோபுரங்களின் வெள்ளை ஆவி எந்நேரமும் வானில் எழுந்துகொண்டே இருக்கிறது. அந்த வெப்பத்தை வாங்க அயலில் யாரும் இல்லை.

பனி ஊரின் பாடம்

உலகின் வடகோடியில், 78ஆம் அகலக்கோட்டில், நோர்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லொங்இயர்பியன் என்ற சுரங்க ஊர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 2,500. பக்கத்துச் சுரங்கத்தின் கரியை எரித்து, மின்சாரத்தைக் கம்பியிலும் சுடுநீரைக் குழாயிலும் வீடு வீடாக அனுப்பும் நிலையம் அங்கே நாற்பது ஆண்டுகள் ஓடியது.  அந்தக் குளிரில் வெப்பம் உயிர். 2023 ஒக்டோபரில் அந்த நிலையம் மூடப்பட்டது. 2025இல் அங்கிருந்த கடைசி நோர்வே நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. கரி போனதும் ஊர் டீசலுக்கு மாறியது. ஆனால் வெப்பக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன. எரிபொருள் மாறலாம், அயலாருக்கு வெப்பம் போகும் பாதை கட்டப்பட்டிருந்தால் அது நிலைக்கும். இந்த உரையில் ஒரே ஒரு செய்தியை மாணவர்கள் எடுத்துச் செல்வதானால் இதை எடுத்துச் செல்லுங்கள்.

நம் மலைகளும் நெருப்பும்

நம் நாட்டில் வெட்டியெடுக்கத் தக்க நிலக்கரி கிடையாது. மண்ணுக்குள் நமக்குக் கிடைத்த கரி காரீயம். பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்பு. பெருவெப்பத்தையும் பேரழுத்தத்தையும் தாங்கிய பழம்பாறைகளின் பிளவுகளில், போகலவிலும் கஹட்டகஹவிலும் அது நரம்பு நரம்பாகக் கிடக்கிறது. அதுவும் கார்பன்தான், ஆனால் அடுப்புக்கு உதவாது. கண்டி நிலக்கரியைக் கண்டது புகையிரதத்தில்தான். 1867இல் கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறி வந்த எந்திரங்கள் கப்பலில் வந்த கரியைத் தின்றன.

அதே 1867இல்தான் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையில் மேசைமேல் இலையை உருட்டி, மண் அடுப்பில் மரக்கரித் தணலுக்கு மேல் காயவைத்தார். பிறகு உருட்டும் எந்திரம் தண்ணீர்ச் சக்கரத்தால் சுழன்றது. விசைக்கு ஓடை, வெப்பத்துக்கு மரம்: இரண்டும் பிரிந்தே பிறந்தன; இன்றும் பிரிந்தே இருக்கின்றன. நம் ஸ்டோர்களில் மின்சாரம் வெளியிலிருந்து கம்பியில் வருகிறது. வெப்பம் விறகில் வருகிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் இன்று தேயிலை அருங்காட்சியகம். பழைய எந்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, சுழற்றும் எந்திரம் ஒரு பக்கமும் சூடேற்றும் எந்திரம் இன்னொரு பக்கமுமாக நிற்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கம்பியில் வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலிருந்து வருகிறது. 2011இல் முதல் அலகும் 2014இல் மற்றவையுமாக, மூன்று அலகுகள், 900 மெகாவாட். கரி கடல் கடந்து வருகிறது. அங்கே மிஞ்சும் வெப்பம் குளிர்நீரோடு கடலில் கலக்கிறது. பல நூறு மெகாவாட் வெப்பத்தை வாங்கக்கூடிய அயலார் அந்தக் கடற்கரையில் இல்லை. இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. இடம் தேர்ந்த அன்றே வெப்பத்தின் விதியும் எழுதப்பட்டுவிடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

ஸ்டோருக்குள் ஒரு நெய்வேலி

இனி நம் ஸ்டோருக்குள் போவோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோ தூள் எடுக்கும் ஸ்டோரில், மூவாயிரத்து ஐந்நூறு கிலோ தண்ணீரை இலையிலிருந்து விரட்ட வேண்டியிருக்கிறது. வாட்டும் தொட்டியில் கொஞ்சம், டிரையரில் மிச்சம். தேயிலை செய்வது என்பது பெரும்பாலும் தண்ணீரை விரட்டுவதுதான். சித்தப்பா லெக்கோவைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

அதற்கு எரியும் விறகு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு தொன். செலவாகும் மின்சாரம் 600 முதல் 800 அலகு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால், வெப்பம் எட்டுப் பங்கு, மின்சாரம் ஒரு பங்கு என்ற அளவில் வரும். இணை மின் உற்பத்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. எட்டுப் பங்கு வெப்பத்தை எழுப்பும் வழியில், ஒரு பங்கை விசையாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை டிரையருக்கு அனுப்பலாம். வாங்குபவர் சுவருக்கு அப்பால்கூட இல்லை, சுவருக்கு உள்ளேயே இருக்கிறார்.

2022இல் இதன் அருமையைக் கண்ணால் கண்டோம். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட மின்வெட்டு வந்த அந்த நாட்களில் ஒரு மாலை, எனக்குத் தெரிந்த, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒருவரோடு ஸ்டோரில் நின்றிருந்தேன். உருட்டிய கொழுந்து பலகையில் சிவந்துகொண்டிருந்தது. சிவப்பதை நிறுத்திவைக்க யாராலும் முடியாது. நேரம் தாண்டினால் தூள் கெட்டுவிடும். அடுப்பில் நெருப்பு நன்றாக எரிந்தது. ஆனால் காற்றைத் தள்ளும் விசிறி நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நெருப்பு பத்தடிக்கு அந்தப் பக்கம், இலை இந்தப் பக்கம். டீமேக்கர் ஒரு கைப்பிடி இலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்தார். காலையிலிருந்து மழையில் நின்று எத்தனை கைகள் கிள்ளிய இலை அது! அந்த நெருப்பிலிருந்தே விசிறிக்கு விசை எடுத்திருந்தால் அன்றைய கொழுந்து பிழைத்திருக்கும்.

இதிலுள்ள சிரமங்களையும் நான் மறைக்கக்கூடாது. நம் ஸ்டோர்களில் பெரும்பாலானவை ஆவிக் கொதிகலன் இல்லாமல் காற்றை நேரடியாகச் சூடாக்குகின்றன. சிறிய ஆவி விசையாழியின் திறன் குறைவு, விலை அதிகம், தேர்ந்த ஆட்கள் வேண்டும். தனியொரு சிறு ஸ்டோருக்கு அது இன்று கட்டுபடியாகாமல் போகலாம். பெரிய ஸ்டோர்களிலும், பல தோட்டங்கள் கூட்டாகவும் முயல வேண்டிய வேலை அது. விறகை வாயுவாக்கி எந்திரம் ஓட்டும் முறையும் உண்டு. சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அரசு அறிவித்ததற்கு இந்த விறகு மின்சாரமும் ஒரு காரணம். அதுவரை செய்யக்கூடிய சின்ன வேலைகள் பல இருக்கின்றன. புகைபோக்கிச் சூட்டில் விறகைக் காயவைத்தால் விறகு குறையும். குழாய்களுக்கு வெப்பக் கவசம் போட்டால் இன்னும் குறையும். மிஞ்சும் சூட்டை வாட்டும் தொட்டிக்குத் திருப்பலாம்.

அயலார் கணக்கு

நான் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தப் புகை வானத்தை என்ன செய்கிறது என்பதை மலையில் வாழ்பவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மழையின் போக்கே மாறிவருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியதை நாம் மறக்கவில்லை. எரிக்காத கரிதான் நல்ல கரி. ஆனால் எதையாவது எரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை உள்ளவரை, எரித்ததன் முழுப் பயனையும் எடுப்பது நம் கடமை.

அந்தப் பயன் யாருக்கு என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும். நெய்வேலியில் நிலம் கொடுத்த ஊர்கள், தலைமுறை தாண்டியும் வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் போராடுகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியபோது அந்த வயல்காரர்களின் கண்ணீரை ஊரே பார்த்தது. 2020 மே, ஜூலை மாதங்களில் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் உயிர் விட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தார்கள். நெருப்புக்கு மிக அருகில் நிற்பவர்கள் அவர்கள். அதன் நன்மை கடைசியாகப் போய்ச் சேர்வதும் அவர்களுக்குத்தான். என் சித்தப்பா நெய்வேலிக் கோபுரங்களின் வெளிச்சம் தெரியும் தூரத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தார். நான் ஸ்டோர் விளக்குகள் தெரியும் லயத்தில் குப்பி விளக்கில் படித்தேன். மின்சாரம் அயலைத் தாண்டிப் பறந்து போகக்கூடியது. வெப்பம் அப்படியில்லை, அது அயலாரிடம்தான் நிற்கும். அதனால்தான் எனக்கு வெப்பத்தின் மீது இவ்வளவு பிரியம்.

எங்கள் ஸ்டோர்ச் சுவரைச் சுற்றிப் பிறகு ஒரு வேலி வந்தது. காரணம் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டிலிருந்து அடைமழைக் காலத்தில் பிள்ளைகள் ஈரச் சட்டையோடு பாடசாலைக்குப் போனார்கள். சுவரோ முன்போலவே சூடாக இருந்தது.

இந்த மேடையிலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இங்கே தோட்ட நிர்வாகிகள் இருக்கிறீர்கள், டீமேக்கர்கள் இருக்கிறீர்கள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் ஸ்டோரின் புகைபோக்கியைச் சுற்றி ஒரு குழாய்ச் சுருளைப் போட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குச் சுடுநீரைக் கொண்டுபோங்கள். மலையிலிருந்து நனைந்து இறங்கும் பெண்கள் கை கால் கழுவ ஒரு தொட்டி, கம்பளியும் பிள்ளைகளின் உடுப்பும் காய ஒரு சின்ன அறை. பெரிய விசையாழி வருகிறபோது வரட்டும். இந்தக் குழாயை ஒரு பருவத்துக்குள் போட்டுவிடலாம். குழாய் போகும் பாதை முதலில் அமையட்டும். நாளை எந்த எரிபொருள் வந்தாலும் அந்தப் பாதை நிற்கும்.

எந்த இடத்தில் போடுவது என்று என்னைக் கேட்டால், முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள் என்பேன். எனக்கு வெப்பவியலின் முதல் பாடத்தை நடத்திய அந்தத் தாத்தா அப்படித்தான் இடம் சொன்னார்.